கூரை இடிக்குது, பாஸ்!

பழைய சைக்கிள் போட்டுவைக்கிற ஷெட்டுக்குள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தையே அடைக்க முடியுமா? இங்கிலாந்துல அடைச்சுக்கிட்டு இருக்காங்க. அங்கே டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும். கூடவே மழை. கை துறுதுறுக்கிற கோல்ஃப் பைத்தியங்கள் என்ன பண்றாங்கன்னா, தோட்டத்து மரக் கொட்டகையைக் காலி பண்ணி ஒரு திரை, ஒரு புரொஜெக்டர், ஒரு கம்ப்யூட்டர், பந்தை அளக்க ஒரு கருவின்னு வெச்சு சிமுலேட்டர் ரூமாக்கிடறாங்க. நிஜப் பந்து திரையில மோதித் தொப்புன்னு விழும். திரைக்குள்ள அதே பந்து புல்வெளிக்கு மேல 200 மீட்டர் பறந்துக்கிட்டிருக்கும்.

‘கிரிக்கெட் மட்டையே நமக்கு ஓசி, இதுல கோல்ஃபா?’ன்னு நீங்க முனகுறது கேட்குது. ஆட்டத்தை விடுங்க. ஃபர்ஸ்ட் இயர்ல படிச்சு, எக்ஸாம் ஹால்லயே விட்டுட்டு வந்த பாதி ஃபிசிக்ஸ் அந்த ரூமுக்குள்ளதான் இருக்கு.

முதல் வில்லன் உயரம். வேலிக்கு 2 மீட்டருக்குள்ள கொட்டகை இருந்தா, தனி அனுமதி வாங்காம 2.5 மீட்டருக்கு மேல எழுப்பக்கூடாதுங்கிறது இங்கிலாந்து விதி. அதுவும் வெளியில தரையிலிருந்து அளக்கிற உயரம். தரைப் பலகை, பாய், கூரையோட கனம் எல்லாம் கழிச்சா உள்ளே 2.2 மீட்டர் மிஞ்சினாலே அதிர்ஷ்டம். ஆனா ‘டிரைவர்’னு சொல்ற நீளமான மட்டையே சுமார் 1.15 மீட்டர். நீட்டின கையோட அதைத் தலைக்கு மேல சுழற்றணும். 9 அடி, அதாவது 2.75 மீட்டராவது வேணும். 10 அடி இருந்தா நிம்மதி. சட்டம் ஒண்ணு சொல்லுது, தோள்பட்டை வேற சொல்லுது.

அதனால சில பேர் கொட்டகையை வேலியிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கட்டறாங்க. அப்போ ரெண்டு பக்கமும் சரியுற கூரைன்னா, உச்சி 4 மீட்டர் வரை போகலாம். உச்சிக்குக் கீழே நின்னு ஆடினா மட்டை தப்பிச்சுடும். இங்கேதான் சிவில் மக்கள் காதைத் தீட்டிக்கணும். உயரம் கிடைக்கட்டும்னு குறுக்கே போற மரச்சட்டத்தை அறுத்துத் தூக்கிப் போடற ஐடியா பலருக்கு வரும். அந்தச் சட்டம் அழகுக்கு இல்லீங்க! சரிவுக் கூரை தன் எடையால சுவர்களை வெளிப்பக்கமா தள்ளும். அதை இழுத்துப் பிடிச்சிருக்கிறதே அந்தச் சட்டம்தான். எடுக்கணும்னா, உச்சியில எடையைத் தாங்குற உத்தரம் ஒண்ணு வேணும். இல்லேன்னா கொட்டகை மெதுவா காலை அகட்டி உட்கார்ந்துடும். இந்த ரிஸ்க்கே வேண்டாம்னு நினைக்கிறவங்க டிரைவரை மூலையில சாத்திட்டு, குட்டையான ‘அயர்ன்’ மட்டைகளோட மட்டும் ஆடறாங்க. எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாப் படுது.

ரெண்டாவது வில்லன் பந்து. எடை 46 கிராமுக்குள்ளதான். பொடியன்னு நினைச்சுடாதீங்க. நல்லா ஆடறவர் அடிச்சா மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்துல கிளம்பும். அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்க, சுமார் 100 ஜூல். 140 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கிரிக்கெட் பந்து 120 ஜூல்தான். அதாவது, வேகப்பந்து வீச்சாளரை ஒரு ஷெட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து, 3 மீட்டர் தள்ளியிருக்கிற துணி மேல பந்து போடச் சொல்ற மாதிரி. அந்தத் துணியை மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டினா, பந்து திரும்பி வந்து உங்க முகத்தை நலம் விசாரிக்கும். அதனால கெட்டியா நெய்த பாலியெஸ்டர் திரையை எலாஸ்டிக் கயிறு போட்டுக் கொஞ்சம் தொய்வா தொங்கவிடறாங்க. பின்னாடி ஒரு அடி காலி இடம். சுத்தியிருக்கிற இரும்புக் குழாய் மேலெல்லாம் ஃபோம். இதுல மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

சரி, திரையில மோதி விழுந்த பந்து 200 மீட்டர் போயிருக்கும்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அந்த 3 மீட்டரைக் கடக்க பந்துக்கு ஆகறது 0.045 செகண்ட். நீங்க கண்ணைச் சிமிட்டி முடிக்கிறதுக்குள்ள கிளம்பின வேகம், கோணம், சுழற்சி எல்லாம் பதிவாகிடும். மிச்சப் பயணம் முழுக்கக் கணக்குதான். காற்றோட இழுவை, சுழற்சியால வர்ற மேக்னஸ் விசை, புவியீர்ப்பு.

அளக்கிறதுல ரெண்டு கோஷ்டி. ஒண்ணு ரேடார், நம்ம டாப்ளர் எஃபெக்ட்டேதான். 2021-ல வந்த கார்மின் ஆர்10 இந்த ரகம். அறிமுக விலை 600 டாலர். பந்துக்குப் பின்னாடி 6 முதல் 8 அடி தள்ளி வைக்கணும், முன்னாடி பந்து 8 அடியாவது பறக்கணும். சின்ன ஷெட்டுல அத்தனை நீளத்துக்கு எங்கே போறது? இன்னொரு கோஷ்டி கேமரா. பந்துக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து, கிளம்பின கணத்துல படபடன்னு படம் பிடிச்சு, பந்து எப்படித் திரும்பியிருக்குன்னு பார்த்து சுழற்சியைச் சொல்லிடும். இடம் மிச்சம், விலை பெரும்பாலும் எகிறும்.

குளிர்காலத்துல இன்னொரு தலைவலி, ஈரம். ஹீட்டர் போட்டு ரெண்டு பேர் மூச்சு விட்டா போதும், அந்த ஈரம் குளிர்ந்த சுவர்ல பட்டுத் தண்ணியா வடியும். புரொஜெக்டருக்கு அது எமன். சுவருக்குள்ள ஃபோம் போர்டு, அதுக்கு உள்பக்கம் ஈரம் புகாத ஷீட், காத்து வெளியேற வழி, மூணும் வேணும். கரன்ட் விஷயத்துல ‘நானே பார்த்துக்கறேன்’ வேலையே ஆகாது. வீட்டிலிருந்து தனி லைன் இழுக்கத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன்தான் வரணும்.

இத்தனைக்கும் முன்னாடி, பைசா செலவில்லாத ஒரு டெஸ்ட் இருக்கு. இருக்கிறதுலயே நீளமான மட்டையோட வெட்டவெளியில நின்னு, ஸ்லோ மோஷன்ல ஒரு சுழற்று. பக்கவாட்டில் இருந்து ஃப்ரெண்ட் வீடியோ எடுக்கட்டும், பின்னணியில் அடிக்கோடு போட்ட ஒரு கம்பு நிக்கட்டும். மட்டை நுனி தொட்ட உயரத்தோட ஒரு சாண் கூட்டிக்கிட்டு, டேப்போட ஷெட்டுக்குள்ள போகலாம்.