மருவுக்கு வேர் இல்லை

எங்கள் தோல் சிகிச்சைப் பிரிவுக்கு மருவுக்காக மட்டும் வருவோர் குறைவு. வேறு ஏதேனும் தொல்லைக்காக வந்து, மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும்போது, "டாக்டர், இதையும் சுட்டு எடுத்துவிடலாமா? வேரோடு போய்விட வேண்டும்" என்று விரலை நீட்டிக் கேட்போரே மிகுதி. அந்த 'வேர்' என்னும் சொல்தான் பல தீங்குகளுக்குத் தொடக்கமாக இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

மருவுக்கு வேர் கிடையாது. மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமி, சிறு கீறல் வழியே தோலின் மேலடுக்கில் புகுந்து, அங்குள்ள அணுக்களை மிகையாகப் பெருகச் செய்கிறது. அந்தத் தடிப்பே மரு. அது மேலடுக்கைத் தாண்டி ஆழத்துக்குப் போவதில்லை. அதன் நடுவே தெரியும் கரும்புள்ளிகளை வேர் என்று எண்ணிச் சிலர் ஊசியால் தோண்டுகின்றனர். அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்களேயன்றி வேறல்ல. தோண்டுவதால் கிருமி பக்கத்துத் தோலுக்கும் பரவுகிறது. நகம் கடிக்கும் குழந்தைகளுக்கு நகத்தைச் சுற்றி மரு வரிசையாகத் தோன்றுவதும் இவ்வாறே.

சென்ற ஆண்டு ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் எங்களிடம் வந்தார். நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். குதிகாலில் இருந்த மருவைக் கால் ஆணி என்று கருதி, யாரோ சொன்னபடி சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து இரவில் வைத்துக் கட்டியிருக்கிறார். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்ததால் எரிச்சல் தெரியவில்லை. காலையில் பார்த்தபோது தோல் வெந்து குழி விழுந்திருந்தது. மரு போயிற்று, புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. காலை இழக்காமல் தப்பியதே பெரிது. இத்தகையோரை நாங்கள் குறை கூறுவதில்லை. மருவைப் பற்றி ஐந்து நிமிடம் அமர்ந்து விளக்காத எங்களுக்கும் அந்தப் புண்ணில் பங்குண்டு.

கால் ஆணியையும் பாத மருவையும் வீட்டிலேயே ஓரளவு வேறுபடுத்தி அறியலாம். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிக்கும். ஆணியின் மீது தோல் ரேகைகள் தொடர்ந்து ஓடும். மருவின் விளிம்பில் அவை அறுபட்டு நிற்கும். கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் மெல்லிய சதைத் துணுக்குகளையும் நம் மக்கள் மரு, பாலுண்ணி என்றே வழங்குகின்றனர். அவை கிருமியால் வருவன அல்ல. பிறருக்குப் பரவுவதும் இல்லை.

மரு உள்ள எல்லோருக்கும் சிகிச்சை தேவையா? தேவையில்லை என்றே கருதுகிறோம். குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் அது தானே மறைகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியைக் கண்டுகொண்டதும் உதிர்ந்துவிடுகிறது. கோயிலில் உப்பும் மிளகும் செலுத்திக் காத்திருக்கும் பாட்டிமாரோடு எங்களுக்கு வழக்கில்லை. அந்தக் காத்திருப்பு தோலைச் சுடுவதில்லை.

ஆனால் வலி இருந்தாலோ, எண்ணிக்கை பெருகினாலோ, பள்ளியில் பிற பிள்ளைகள் கை கோக்க மறுத்துக் குழந்தை கையை மறைக்கத் தொடங்கினாலோ காத்திருக்கச் சொல்வது முறையன்று. அப்போது நாங்கள் முதலில் பரிந்துரைப்பது சாலிசிலிக் அமிலமே. 2012இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வும் இதன் பயனுக்குச் சான்று உண்டென்கிறது. இரவில் வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, இறந்த தோலைத் தேய்த்து நீக்கி, சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவி, மருவின் மேல் மட்டும் மருந்தை வைக்க வேண்டும். தேய்க்கும் கல்லை வேறெவரும் பயன்படுத்தலாகாது. இதை நாள் தவறாமல் 12 வாரம் செய்ய வேண்டும். மூன்றாம் வாரத்தில் பொறுமை இழந்து விட்டுவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்போரே பலர். முகத்திலும் பிறப்புறுப்பிலும் இதைத் தடவக் கூடாது. சர்க்கரை நோயாளர் எங்களைக் கேளாமல் பாதத்தில் தொடவே கூடாது.

கழிக்கப்படும் -196 டிகிரி குளிரிலுள்ள திரவ நைட்ரஜனால் உறையவைப்பது அடுத்த வழி. இரண்டு மூன்று வார இடைவெளியில் பல முறை வர நேரும். மின்சூட்டால் ஒரே அமர்வில் எடுப்பது வேகமானது. ஆயினும் தழும்பு மிஞ்சலாம், மரு திரும்பவும் வரலாம். அழகு நிலையங்களில் அதைச் செய்துகொள்வதை நாங்கள் வன்மையாக மறுக்கிறோம். கருவி தூய்மையாக இருந்தாலும், எடுக்கப்படுவது மருதானா என்பதை அங்கே யார் தீர்மானிப்பது?

கை கால்களில் வரும் சாதாரண மரு புற்றுநோயாக மாறுவது மிக அரிது. எனினும் முதிய வயதில் புதிதாகத் தோன்றி விரைந்து வளர்வதும், இரத்தம் கசிவதும், நகத்தடியில் நெடுநாள் ஆறாதிருப்பதும் மருவாக இல்லாமலும் இருக்கக்கூடும். அவற்றுக்கு எந்த மருந்தும் வைக்காமல், சிறு திசு எடுத்துச் சோதிக்க எங்களிடம் வாருங்கள். ஏற்கெனவே ஏதேனும் தடவியிருந்தால் அதன் பெயரையும், நாட்டு மருந்தாயினும் சரி, கூச்சமின்றிச் சொல்லுங்கள்.