ஆணி அறையாத படச்சுவர்

“சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும்” என்பது முதுமொழி. அந்தச் சுவர் நமக்கே உரியதாயின் இன்று இப்பகுதியில் எழுதுவதற்கு அதிகம் இராது. ஆனால் நகரங்களில் வாழும் நம்மவரிற் பலருக்குச் சுவர் இரவற் சுவர். மாத வாடகைக்குப் பெற்ற சுவர். வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டையோ, கண்டியில் ஒரு வீட்டின் பின்பகுதியையோ வாடகைக்கு எடுக்கும்போது, “சுவரில் ஆணி அறையலாகாது” என்ற நிபந்தனையைப் பலர் எதிர்கொள்கின்றனர். மீறி அறைந்தால், வீட்டைத் திருப்பிக் கையளிக்கும் நாளில் ஒவ்வொரு துளைக்கும் கணக்குப் பார்த்து முற்பணத்திற் கழிக்கும் வீட்டுக்காரரும் உளர். அவரை முற்றாக நோவதற்குமில்லை. சீமெந்துச் சாந்து பூசிய சுவரில் வெறும் சுத்தியலால் ஆணி அடித்தால், ஆணியின் பருமனளவில் மட்டும் துளை விழுவதில்லை. சுற்றியுள்ள சாந்தும் பெயர்ந்து விழுகிறது. அதனை அடைத்துப் பூசினாலும் பழைய நிறத்தோடு புதிய நிறம் இணங்குவதில்லை. ஒரு துளைக்காக முழுச் சுவருக்கும் வர்ணம் பூச நேரிடுகிறது.

இதற்கு அஞ்சிப் பல குடும்பங்கள் படங்களைப் பெட்டியிற் பூட்டி வைத்துவிடுகின்றன. இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத ஓர் இழப்பு நிகழ்கிறது. அப்புவையும் ஆச்சியையும் நேரிற் காணாத பேரப்பிள்ளைக்கு அவர்களின் முகம் பழக்கமாவது சுவரிலிருந்துதான். தினமும் கண்ணிற் படும் முகத்தைப் பார்த்தே பிள்ளை, “இவர் யார், அம்மா?” என்று கேட்கும். பெட்டிக்குள் உறங்கும் முகத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அன்றியும், இடப்பெயர்வுகளின்போது வீடும் பொருளும் போக, ஓரிரு புகைப்படங்களை மட்டும் கையோடு கொண்டுவந்த குடும்பங்கள் நம்மிடையே உள. அத்தகைய படம் கண்முன் இருக்கவும் வேண்டும். கெடாமல் இருக்கவும் வேண்டும். ஆகவே, ஆணியின்றிப் படம் வைக்கும் வழியை ஆராயும்போது, சுவருக்குத் தீங்கில்லை என்பதோடு நின்றுவிடலாகாது. படத்துக்கும் தீங்கின்றி இருத்தல் வேண்டும் என்பதை முதற்கண் மனத்திற் கொள்வோமாக.

பழைய வழக்கம்

ஒரே சுவரிற் பல படங்களை நெருக்கமாக வைப்பது இன்று தோன்றிய நாகரிகம் அன்று. பாரிஸ் நகரத்து லூவர் அரண்மனையின் சதுர மண்டபத்தில் 1725 ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்ற சித்திரக் கண்காட்சிகளில், ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரை நிறைத்து நின்றன. பின்னர் 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் வீடுகளில், சுவரின் மேற்பகுதியில் மெல்லிய மரச்சட்டமொன்றைச் சுற்றிவரப் பொருத்தி, அதிற் கொளுக்கிகளை மாட்டி, கயிற்றிலே படங்களைத் தொங்கவிடும் முறை பரவிற்று. படத்தை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். சுவரோ வடுவின்றி இருக்கும்.

நம்மவர் வீடுகளுக்குப் படம் பெருமளவில் வந்த கதை வேறு. இரவிவர்மா 1894 ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவியபின், வர்ணத் தெய்வப்படங்கள் மலிவாகக் கிடைக்கலாயின. எளியோர் வீட்டுச் சுவர்களும் படம் கண்டன. அத்துடன் புகைப்படமும் சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளில், முன்னோரின் படங்கள் சுவரின் உயரத்தே சற்று முன்சாய்ந்தபடி வரிசையாகத் தொங்கிய காட்சியை மூத்தோர் நன்கறிவர். சொந்தச் சுவரில் அறைந்த உறுதியான ஆணிகள் அவற்றைத் தாங்கின. அந்த வரிசையை இரவற் சுவரில் எவ்வாறு அமைப்பது என்பதே நம் முன்னுள்ள வினா.

சுவரைப் பார்க்குமுன் படத்தைப் பாருங்கள்

முதலிற் செய்யவேண்டியது, மூலப் படத்தைப் பிரதி எடுத்தல். ஒளி செய்யும் கேடு சிறிது சிறிதாகச் சேர்வது. ஒருமுறை மங்கிய புகைப்படம் இருட்டில் வைப்பதனால் மீண்டும் தெளிவதில்லை. ஆதலால், வேறு பிரதியில்லாத பழைய படத்தை நன்கு பிரதி செய்வித்து, அப்பிரதியையே சட்டமிட்டுச் சுவரில் வையுங்கள். மூலத்தை அமிலமற்ற கடுதாசி உறையிலிட்டு, ஈரமற்ற அலுமாரியின் நடுத்தட்டில் வைத்துவிடுங்கள். சட்டமிடும்போது கண்ணாடி படத்தின்மேல் நேரே படியலாகாது. நம் நாட்டு ஈரக் காற்றில் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் பிரித்தாற் படம் கிழியும். நடுவிலே வெட்டிய தடித்த மட்டையொன்றைப் படத்தின் விளிம்பைச் சுற்றி வைப்பித்தால் இடைவெளி உண்டாகும், அழகும் கூடும்.

அடுத்தது நிறை. ஒவ்வொரு படத்தையும் சமையலறைத் தராசில் நிறுத்து, நிறையைப் பின்புறத்திற் குறித்துக் கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பதிலாக அக்கிரிலிக் தகடு இட்டால் நிறை ஏறக்குறைய அரைவாசியாகக் குறையும். விழுந்தாலும் சிதறிப் பிள்ளைகளின் காலைக் கிழியாது. சிறுவர் தீட்டிய சித்திரங்களுக்குச் சட்டமே வேண்டியதில்லை. தடித்த மட்டை போதும்.

மூன்று வழிகள்

முதலாவது வழி, சாய்த்து வைத்தல். இதனினும் பத்திரமான வழி வேறில்லை. உயரம் குறைந்த அலுமாரியின் தலைப்பிலோ, புத்தகத் தட்டின் மேலோ, பெரிய படங்களைப் பின்னாலும் சிறியவற்றை முன்னாலும் நிறுத்திச் சுவரிற் சாய்த்துவிடலாம். அடியில் ஒரு நீள இறப்பர் விரிப்பை இட்டால் வழுக்காது. மாலை சூட்டும் படங்களையும் விளக்கேற்றும் தெய்வப் படங்களையும் இவ்வாறே தட்டில் வைத்தல் வேண்டும். மலர்மாலை நிறையையும் ஈரத்தையும் கூட்டும். விளக்கின் சூடு பசையை இளக்கும்.

இரண்டாவது வழி, சொந்தச் சட்டத்தை நிறுத்துதல். தச்சரிடம் சொல்லி, ஆளுயரத்துக்கு மேலான இலேசான மரத் தட்டியொன்றைச் செய்வித்து, கால் வழுக்காதபடி இறப்பர் பொருத்திச் சுவரிற் சாய்த்து நிறுத்துங்கள். குறுக்குச் சட்டங்கள் நான்கைந்து இருந்தாற் போதும். அத்தட்டியில் எத்தனை ஆணியும் அறையலாம், எத்தனை கொளுக்கியும் மாட்டலாம்; துளை விழுவது நமது மரத்திலேயன்றி வீட்டுக்காரரின் சுவரில் அன்று. வீடு மாறும் நாளில் தட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தட்டியின் மேற்புறத்தை அருகிலுள்ள யன்னற் கம்பியோடு கயிற்றாற் கட்டிவிடுதல் அவசியம். பழைய பங்களாக்களில் குடியிருப்போர், சுவரின் மேற்பகுதியில் முன்னர் கூறிய மரச்சட்டம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கவும். இருந்து, அது உறுதியாகவும் இருந்தால், கொளுக்கியும் கயிறும் மட்டுமே தேவை.

மூன்றாவது வழி, கழற்றக்கூடிய ஒட்டுப்பட்டி. இழுத்தால் நீண்டு, சுவரை விட்டு விலகும் பசைப்பட்டிகளை அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் 1990களில் ‘கொமாண்ட்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று வேறு பெயர்களிலும் அத்தகையவை கிடைக்கின்றன. படங்களுக்கான பட்டி இரண்டு பாதிகளாக வரும். ஒன்று சட்டத்தின் பின்புறத்தில், மற்றது சுவரில். இரண்டும் பற்பிடித்தாற்போல் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். எவ்வளவு நிறை தாங்கும் என்பது பொதியில் அச்சிடப்பட்டிருக்கும். பெரிய அளவுப் பட்டிகளில் நான்கு சோடி சேர்ந்து ஏறத்தாழ 7 கிலோ தாங்கும் என்பது கொமாண்ட் கணக்கு. நம் நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் எண்ணி, சொல்லிய நிறையில் அரைவாசிக்கு மேல் ஏற்றாதிருப்பதே விவேகம்.

ஒட்டுமுன் சுவரைச் சோதியுங்கள். உள்ளங்கையாற் சுவரைத் தேய்க்கும்போது வெண்தூள் ஒட்டினால் அது சுண்ணாம்புச் சுவர். பட்டி அங்கே நில்லாது, நின்றாலும் கழற்றும்போது பூச்சை உரித்துவிடும். சொரசொரப்பான சுவரும், செங்கல் தெரியும் சுவரும், கடுதாசி ஒட்டிய சுவரும் இதற்கு உதவா. மழமழப்பான வர்ணம் பூசிய சுவரே ஏற்றது. புதிதாகப் பூசியதாயின் ஒரு கிழமையாவது காயவிடுக. மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரப்பைல் அற்ககோலில் துணியை நனைத்து இடத்தைத் துடைத்து உலரவிடவும். சவர்க்கார நீராற் கழுவினால் அதன் படலம் எஞ்சிப் பசையைப் பிடிக்கவிடாது. சட்டத்தை ஒட்டி அழுத்தியபின், மெதுவாகக் கழற்றி, சுவரிலுள்ள பட்டிகளை ஒவ்வொன்றாக அரை நிமிடம் அழுத்துங்கள். ஒரு மணி நேரம் பொறுத்தே படத்தை மீண்டும் மாட்டுதல் வேண்டும். கட்டிலின் தலைமாட்டிலும் தொட்டிலின் மேலும் பட்டியால் எதையும் மாட்டற்க.

சாதாரண இருபக்கப் பசைநாடாவைச் சிலர் மலிவென்று வாங்குவர். அது கழற்றும்போது வர்ணத்தையும் சாந்தையும் கூட்டிக்கொண்டு வரும். மிச்சம்பிடித்த பணம் முற்பணத்திற் போகும். ஒளிபுகும் ஒட்டுநாடாவையோ புகைப்படத்தில் தொடவே விடாதீர்கள்; அது காலப்போக்கில் மஞ்சளாகிப் படத்திற் கறையை விட்டுச் செல்லும்.

ஒழுங்குபடுத்தும் முறை

நீங்கள் வாசித்து முடித்த பத்திரிகைத் தாள்களே இதற்குக் கருவி. ஒவ்வொரு படத்தின் அளவுக்கும் ஒரு தாளை வெட்டி, அதில் இன்ன படம் என்று எழுதுங்கள். முதலிற் படங்களைத் தரையிற் பரப்பி, பிள்ளைகளையும் கூட்டி வைத்துக்கொண்டு, பலவாறு மாற்றிப் பாருங்கள். பெரிய படம் நடுவிலோ நடுவுக்குச் சற்று விலகியோ இருக்க, மற்றவை அதனைச் சூழ அமையட்டும். படங்களுக்கிடையே ஏறத்தாழ 5 சதமமீற்றர் இடைவெளி எங்கும் ஒன்றுபோல் இருந்தால், சட்டங்கள் பலவிதமாயினும் கண்ணுக்கு ஒழுங்கு தோன்றும். முழுத் தொகுதியின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சதமமீற்றர் உயரத்தில் அமைவது நன்று. ஓவியக்கூடங்களிற் பெரும்பாலும் கைக்கொள்ளப்படும் உயரம் அதுவே. நீள் இருக்கைக்கு மேலாயின், இருக்கையின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் விட்டால் போதும். தரையிற் கண்ட ஒழுங்கை, வர்ணம் பூசுவோர் பயன்படுத்தும் இலேசான கடுதாசி நாடாவால் தாள்களை ஒட்டிச் சுவரிற் பாருங்கள். ஓரிரு நாள் அப்படியே இருக்கட்டும். பின்னரே பட்டியை எடுங்கள்.

காற்றும் மழையும்

தென்மேற்குப் பருவமழை வந்து மோதும் வெளிச்சுவர் படங்களுக்கு ஆகாது, உட்சுவரே நலம். குளியலறையை அடுத்த சுவரையும், மாலை வெயில் விழும் சுவரையும் தவிருங்கள். சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டினால், பின்னால் காற்று உலாவும். பூஞ்சணம் பிடிப்பது குறையும். மாதமொருமுறை படத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பல்லி முட்டையும் குளவியின் மண்கூடும் படத்தின் பின்னாலேயே இடம் தேடும்.

கழற்றும் நாளில் படத்தை அடிப்புறமாகத் தூக்கி முதலில் விடுவியுங்கள். பின்னர் பட்டியின் நுனியைச் சுவரோடு ஒட்டினாற்போல் நேரே கீழ்நோக்கி மெல்ல மெல்ல இழுங்கள். நம் பக்கமாக இழுத்தால் வர்ணம் உரியும். நுனி அறுந்துவிட்டால், தூண்டில் நரம்பொன்றைப் பட்டியின் பின்னே விட்டு, வாளால் அறுப்பதுபோல் இருபுறமும் அசைத்தால் விலகிவிடும்.

இன்னும் ஒரு வேலை எஞ்சியுள்ளது, அதுவே தலையாயது. படத்தைச் சுவரில் ஏற்றுமுன், சட்டத்தின் பின்மட்டையில் மென்மையான பென்சிலால், இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு, நமக்கு என்ன முறை என்பவற்றை எழுதிவிடுங்கள். பெயரறிந்த மூத்தோர் இருக்கும்போதே இதனைக் கேட்டெழுதுதல் வேண்டும். பெயர் மறைந்த படம் பிறர் வீட்டுப் படம் போலாகிவிடும். எழுதும் பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். “இவர் அப்பம்மாவின் தமையனார், அளவெட்டியில் வாத்தியாராக இருந்தவர்” என்று தன் கையால் எழுதிய பிள்ளை அந்த முகத்தை எளிதில் மறவாது. வீட்டுக்கு வீடு மாறினும், அந்த முகங்கள் அடுத்த சுவரிலும் அதே ஒழுங்கில் இடம்பெறும். விட்டு வந்த சுவரோ ஒரு வடுவுமின்றி அடுத்த குடியிருப்பாளருக்குக் காத்திருக்கும்.