காருக்கும் நாடி பார்க்கலாம்!

"அடுப்பைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன், காரைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்கிற சகோதரிகளே, இந்தத் தடவை கொஞ்சம் காது கொடுங்கள். இங்கே நியூஜெர்ஸியில் எங்கள் வீட்டில் இருப்பது ‘பிளக்-இன் ஹைபிரிட்’ கார். ராத்திரி செல்போனைப் போல சுவரில் சொருகி சார்ஜ் ஏற்ற வேண்டும். சார்ஜ் இருக்கிறவரை மின்சாரத்தில் ஓடும். குறைந்தால் பெட்ரோல் எஞ்சின் தானே வந்து கைகொடுக்கும்.

எப்போது எது ஓடுகிறது என்பதை சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்குத்தான் நாடி பார்க்கும் கருவி. அமெரிக்காவில் 1996-ம் வருஷ மாடலிலிருந்து கார்களில், ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கமாக 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் உண்டு. ‘ஓ.பி.டி.’ என்பார்கள். தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னக் கருவியை அதில் சொருகினால், கார் தன் சமாசாரத்தையெல்லாம் ப்ளூடூத் வழியாகப் போனுக்குச் சொல்லிவிடும். பாட்டரிக் கணக்கும் தெரிய வேண்டுமானால், உங்கள் கார் மாடலுக்குப் பொருந்துகிற ‘ஆப்’ தேவை.

மூன்று எண்களைக் கவனித்தால் போதும்: எஞ்சின் சுற்று, எஞ்சின் தண்ணீரின் சூடு, பாட்டரியின் சதவிகிதம்.

சார்ஜ் தீர்ந்தது என்று கார் சொல்லும்போதும் பாட்டரி பூஜ்யமாகி இருக்காது. அரிசி டின்னில் அடியில் ஒரு படி விட்டு வைப்போமே, அந்த மாதிரி! 2011 ஷெவர்லே வோல்ட் காரில் 16 யூனிட் பாட்டரி. ஓட்டத்துக்குக் கொடுப்பது ஏறக்குறைய 10 யூனிட்தான். பாட்டரி நீண்ட நாள் உழைக்கத்தான் இந்தச் சிக்கனம். சரிவில் பிரேக் போடும்போது சதவிகிதம் மெல்ல ஏறுவதையும் பார்க்கலாம்.

இன்னொன்று. சார்ஜ் நிறைய இருந்தாலும், கடும் குளிரில் ஹீட்டர் போட்டால் சில மாடல்களில் எஞ்சின் ஓட ஆரம்பித்துவிடும். சுற்று 0-விலிருந்து ஒரேயடியாக ஆயிரத்துக்கு மேல் தாவும்!

இதில்தான் நம் குடும்ப விஷயம் இருக்கிறது, கவனியுங்கள். சுற்று 0 என்றால் கார் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ‘ரெடி’ விளக்கு எரிந்தால் எஞ்சின் எந்த நிமிஷமும் கிளம்பலாம். வீட்டோடு ஒட்டிய காரேஜில், சத்தமில்லையே என்று அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டால், கார்பன் மோனாக்ஸைடு புகை வீட்டுக்குள் வரும். நிறமில்லை, வாசனையில்லை, உயிரையே குடிக்கும். காரேஜ் கதவு திறந்திருந்தாலும் ஆபத்துதான்.

ஆகவே, இறங்குமுன் பவர் பட்டனை அழுத்தி, ‘ரெடி’ விளக்கு அணைந்ததைக் கண்ணால் பாருங்கள். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கை மணி கட்டாயம் வேண்டும். மணி அடித்தாலோ, வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றாலோ, எல்லோரும் வெளியே வந்து 911-க்குப் போன் செய்யுங்கள்.

கார் ஓடும்போது போனைப் பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேலை. வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றி வையுங்கள். சிலது 12 வோல்ட் பாட்டரியை உறிஞ்சிவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, மாமியாருக்கும் அந்த ‘ரெடி’ விளக்கைக் காட்டிக் கொடுங்கள். காரேஜில் முதலில் அதைப் பார்ப்பது அவர்களாகவும் இருக்கலாம் அல்லவா?