போலீஸ் வண்டிக்கு மின்சாரம் சரிப்படுமா?

2019 செப்டம்பர் 20. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊர். இரவு நேரம். ஒரு குற்ற வழக்கில் தேடப்பட்ட காரைப் பார்த்துவிட்டு ரோந்துப் போலீஸ்காரர் ஒருவர் விரட்ட ஆரம்பிக்கிறார். வேகம் மணிக்கு 120 மைல் வரை போகிறது, அதாவது 190 கிலோமீட்டருக்கும் மேல். அந்த நேரத்தில் அவர் வயர்லெஸ்ஸில் ஒரு தகவல் சொல்கிறார்: வண்டியில் இன்னும் 6 மைலுக்குத்தான் சார்ஜ் இருக்கிறது, நின்று போனாலும் போகும். அவர் ஒதுங்கிக்கொள்ள, மற்ற வண்டிகள் தொடர்ந்தன. கடைசியில் விரட்டல் கைவிடப்பட்டது. தப்பிய கார் பிற்பாடு சான் ஹோசேயில் மோதிக் கிடந்தது. ஆள் இல்லை.

போலீஸ்காரர் ஓட்டியது டெஸ்லா மாடல் எஸ். அந்த டெஸ்லா தயாராகும் தொழிற்சாலை இருப்பதும் அதே ஃப்ரீமாண்ட்தான். பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே வாரத்தில் உலகம் முழுக்கச் செய்தி பரவியது. "பேட்டரி வண்டியை வைத்துக்கொண்டு திருடன் பிடிக்கப் போனார்களாம்" என்று சிரித்து முடித்துவிட்டார்கள் பலர்.

சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தச் செய்தியின் கடைசி வரிகளைப் படித்தார்கள் என்பது சந்தேகம். அந்த வண்டி ஷிஃப்ட் தொடங்கும்போது முழுசாகச் சார்ஜ் செய்யப்படவில்லை. அதற்கு முன்பு ஓட்டியவர் திருப்பி விட்டபிறகு போதுமான அளவு சார்ஜ் ஏற்றாமலே அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. பெட்ரோல் வண்டியில் டாங்க்கை நிரப்பாமல் கிளம்பினாலும் இதே கதிதான் என்று போலீஸ் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். சரியான விளக்கம்தான். ஆனால் பாதிதான் சரி.

ஏன் பாதி? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். முழுச் சார்ஜோடு கிளம்பினால் ஒரு ஷிஃப்டுக்கு பேட்டரியில் 40 முதல் 50 சதவீதம்தான் செலவாகிறது என்று அதே போலீஸ் துறை சொன்னது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒருவர் ஓட்டிவிட்டு வரும்போது பாதிச் சார்ஜ் மீதி இருக்கும். அடுத்த ஷிஃப்ட்காரர் இடைவெளி இல்லாமல் அதே வண்டியை எடுத்துக்கொண்டு போனால், அவர் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தக் கடைசி நேரத்தில் ஒரு விரட்டல் வந்தால்? அன்றைக்கு நடந்த கூத்து இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் இடையில் ஐந்து நிமிஷம் பங்க்கில் நிறுத்தி நிரப்பிக்கொள்ளலாம். பேட்டரி வண்டிக்கு அந்த ஐந்து நிமிஷச் சலுகை கிடையாது. வேக சார்ஜரில் போட்டால்கூட அரை மணி, முக்கால் மணி ஆகும். சாதாரண சார்ஜர் என்றால் ராத்திரி முழுக்கக் கட்டிப்போட வேண்டியதுதான்.

வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. 60 மைல் வேகத்தில் போகிற கார் 120 மைலுக்குத் தாவினால், ஒவ்வொரு மைலுக்கும் காற்றைக் கிழித்துக்கொண்டு போக நாலு மடங்கு சக்தி வேண்டும். (பள்ளிக்கூட இயற்பியல்தான், வேகத்தின் வர்க்கம்.) ஆக, ஃப்ரீமாண்ட் வாங்கியிருந்த 2014 மாடல் எஸ் 85 வண்டி ஒரு சார்ஜுக்கு 265 மைல் ஓடும் என்று காகிதத்தில் போட்டிருப்பதெல்லாம் விரட்டலுக்குப் பொருந்தாது. பெட்ரோல் வண்டியும் அந்த வேகத்தில் எண்ணெயைக் குடிக்கும். ஆனால் அதற்குப் பங்க் பக்கத்திலேயே இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்போ மின்சார வண்டி போலீஸுக்கு லாயக்கில்லை" என்று முடிவு கட்டினால் அது பெரிய தப்பு. சினிமா பார்த்துப் பார்த்து, போலீஸ் கார் என்றால் விரட்டுவதற்கான கார் என்று மனசில் பதிந்துவிட்டது. நிஜத்தில் போலீஸ் கார் செய்கிற முக்கியமான வேலை என்ன தெரியுமா? நிற்பது. சும்மா நிற்பது!

அமெரிக்க ரோந்துக் கார் ஒரு நடமாடும் ஆபீஸ். கம்ப்யூட்டர், வயர்லெஸ், கேமரா, சுழல் விளக்கு எல்லாம் அதற்குள் இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் நிற்கும், பள்ளிக்கூட வாசலில் நிற்கும், ரிப்போர்ட் எழுத ஒரு மரத்தடியில் நிற்கும். நிற்கிற நேரமெல்லாம் இன்ஜினை அணைக்க முடியாது, அணைத்தால் கருவிகளும் ஏ.சி.யும் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். 8 மணி நேர ஷிஃப்டில் போலீஸ் கார் சராசரியாக 4.9 மணி நேரம் இன்ஜின் ஓட நின்றுகொண்டிருக்கிறது என்று ஃபோர்டு கம்பெனியே தன் ஹைப்ரிட் போலீஸ் வண்டியை விளம்பரப்படுத்தும்போது சொன்னது. அதாவது பாதிக்கும் மேல்! ஒரு அடிகூட நகராமல் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் பெட்ரோல் புகையாகப் போகிறது. மைல் மீட்டரில் ஏறாத தேய்மானம் வேறு. ஒரு மணி நேரம் நின்றபடி இன்ஜின் ஓடுவது 33 மைல் ஓட்டியதற்குச் சமம் என்பதும் ஃபோர்டு சொன்ன கணக்குதான்.

இந்த வேலைக்கு மின்சார வண்டியைப் போல் பொருத்தமானது வேறொன்று இருக்க முடியாது. கருவிகளும் ஏ.சி.யும் சேர்ந்து ஒன்றரை கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரம் நின்றால் ஏழரை யூனிட். 85 யூனிட் பேட்டரியில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சத்தமில்லை, புகையில்லை, பக்கத்தில் நின்று பேசுகிறவருக்கு மூச்சு முட்டாது. ஆயில் மாற்ற வேண்டாம். பிரேக் போடும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாகத் திருப்பி அனுப்புவதால் பிரேக் தேய்வதும் குறைவு. நகரத்துக்குள் போய்ப் போய் நிற்கிற வண்டிக்கு இது சாதாரண லாபம் இல்லை.

இந்தியானா மாநிலத்தில் பார்கர்ஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே போலீஸ் துறை 2019இல் டாட்ஜ் சார்ஜருக்குப் பதிலாக டெஸ்லா மாடல் 3 வாங்க ஆரம்பித்தது. பசுமை, பூமி, பருவநிலை என்று அந்த ஊர் போலீஸ் தலைவர் அதிகம் பேசவில்லை. ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு 6,000 டாலருக்கு மேல் எரிபொருளில் மிச்சம் என்று கணக்கைக் காட்டினார். மாநகராட்சிக் கூட்டத்தில் எடுபடுகிற பேச்சு இதுதான்.

இதற்கு நேர்மாறான கதை லாஸ் ஏஞ்சல்ஸ். 2016இல் அந்த மாநகரப் போலீஸ் 100 பி.எம்.டபிள்யூ. ஐ3 மின்சாரக் கார்களைக் குத்தகைக்கு எடுத்தது. படமெல்லாம் எடுத்து விமரிசையாகத்தான் அறிவித்தார்கள். அவை ரோந்துக்கு அல்ல, ஆபீஸ் வேலைக்கும் மக்கள் தொடர்புக்கும். அடுத்த வருஷமே ஒரு உள்ளூர் டி.வி. நிலையம் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. பல கார்கள் சில ஆயிரம் மைல்களோடும் சில கார்கள் சில நூறு மைல்களோடும் தூங்கிக்கொண்டிருந்தன. குத்தகைப் பணம் மட்டும் மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது. காரில் ஒரு கோளாறும் இல்லை. நின்றுகொண்டே எரிபொருள் தின்னும் ரோந்து வண்டிகளை விட்டுவிட்டு, ஏற்கெனவே குறைவாக ஓடுகிற ஆபீஸ் வண்டிகளை மாற்றினார்கள். எதை மாற்றினால் பணம் மிச்சமாகும் என்று பார்க்காமல், எதை மாற்றினால் தொல்லை வராது என்று பார்த்ததன் பலன் இது. வரிப்பணத்தில் நடத்தும் இந்த மாதிரி விளம்பரத்துக்கு, விரட்டலில் ஒருமுறை பேட்டரி தீர்ந்துபோனது எவ்வளவோ தேவலை. ஃப்ரீமாண்டிலாவது வண்டியை நிஜ வேலைக்கு அனுப்பிப் பார்த்தார்களே.

"சரி, விரட்டல் வந்தால் தாங்குமா?" என்ற கேள்விக்கு ஓரளவு பதில் வந்துவிட்டது. அமெரிக்காவில் போலீஸ் கார்களை மிச்சிகன் மாநிலப் போலீஸ் வருஷா வருஷம் சோதித்துப் பார்க்கும். முடுக்கம், உச்ச வேகம், பிரேக், வளைவுகளில் கையாளுதல் என்று பிழிந்து எடுப்பார்கள். 2021இல் ஃபோர்டு மஸ்டாங் மாக்-இ அதில் தேறியது. முழு மின்சார வண்டி ஒன்று தேறியது அதுதான் முதல் முறை. ஆக ஓட்டத்தில் குறை இல்லை. ஆனால் எந்தச் சோதனைத் தடத்திலும் காவல் நிலையத்தின் பழக்கவழக்கத்தை அளக்க முடியாது. வண்டியை விட்டு இறங்குகிறவர் வயரைச் சொருகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாரா என்பதை யார் சோதிப்பது?

உண்மையான சங்கடங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. 2024இல் வட கலிபோர்னியாவில் டெஸ்லா வாங்கிய சில சிறு நகரப் போலீஸ் துறைகள் வெளிப்படையாகவே குறை சொன்னன. பின் சீட்டில் தடுப்பு போட்டபிறகு ஒரு கைதிக்குத்தான் இடம். துப்பாக்கி, பெல்ட், கவசம் என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தால் இடிக்கிறது. ஓரங்கட்டி நிறுத்தப் போனால் வண்டியின் தானியங்கிப் பாதுகாப்பு குறுக்கிடுகிறது. இதெல்லாம் பழகினால் சரியாகும், அல்லது அடுத்த மாடலில் சரியாகும். ஆனால் ஒரு குறை மட்டும் அப்படிப்பட்டதல்ல. தூரத்து ஊரிலிருந்து கைதியை அழைத்து வரும்போது வழியில் சார்ஜ் தீர்ந்தால், கைவிலங்கு போட்ட ஆளைப் பின்னால் வைத்துக்கொண்டு பொது இடத்தில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். கைதிக்கும் ஆபத்து, காவலருக்கும் ஆபத்து, பக்கத்தில் பிள்ளைகுட்டியோடு சார்ஜ் போட வந்தவருக்கும் ஆபத்து. மலையும் காடுமாக விரிந்து கிடக்கிற மாவட்டங்களில் இது தினசரிப் பிரச்சினை. அங்கே ஹைப்ரிட் வண்டிதான் இன்றைக்குப் புத்திசாலித்தனம். இதைச் சொல்வதால் மின்சார வண்டிக்கு ஒன்றும் அவமானமில்லை.

அதே கலிபோர்னியாவில் தெற்கு பாசடீனா 2024 ஜூலையில் தன் போலீஸ் வண்டிகளை மொத்தமாக மாற்றியது. 20 டெஸ்லா. ரோந்துக்கு 10 மாடல் ஒய், மற்ற வேலைகளுக்கு 10 மாடல் 3. அமெரிக்காவில் ஒரு நகரப் போலீஸ் முழுசாக மின்சாரத்துக்கு மாறியது அதுவே முதல் தடவை. ஊரின் பரப்பைப் பாருங்கள், சுமார் 9 சதுர கிலோமீட்டர். எந்த மூலையில் நின்றாலும் ஸ்டேஷன் சில நிமிஷத் தூரம். அங்கே முடிகிறது என்பதால் எல்லா ஊரிலும் முடியும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வண்டியை மட்டும் வாங்கி "பரிசோதனை" செய்து பார்க்கிற ஊர்களுக்கு அங்கே ஒரு பாடம் இருக்கிறது. ஒற்றை வண்டி என்றால் அது யாருக்கும் சொந்தமில்லாத அதிசயப் பொருள். அதற்குச் சார்ஜ் போடுவது யார் வேலை என்பதே தெரியாது. எல்லாமே மின்சாரம் என்றால் சார்ஜ் போடுவது, துப்பாக்கியை எண்ணி ஒப்படைப்பது மாதிரி, ஷிஃப்ட் மாறும்போது கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிற காரியமாக ஆகிவிடும். நாலைந்து வண்டிகளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, ஒன்று ஓடும்போது ஒன்று சார்ஜில் நிற்கிற மாதிரி ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தக் கூடுதல் வண்டிகளின் விலையையும் சேர்த்துத்தான் லாபக் கணக்கு பார்க்க வேண்டும். விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாகக் கரண்ட் விஷயம். மின்சார வண்டியை எதிர்ப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?" கேட்க வேண்டிய கேள்விதான். 2019 அக்டோபரில், அந்த டெஸ்லா விரட்டல் நடந்து மூன்றே வாரத்தில், காட்டுத்தீ பயத்தால் வட கலிபோர்னியாவில் மின் கம்பெனி லட்சக்கணக்கான வீடுகளுக்கு வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தியது. நாள் கணக்கில் நீடித்தது. ஆனால் கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் பங்க்கில் எண்ணெயை மேலே இழுக்கிற பம்பும் கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் பங்க்கும் மூடிக்கொள்ளும். ஸ்டேஷனிலேயே தனியாக எண்ணெய் சேமித்து வைத்திருக்கிற துறைதான் தப்பிக்கும். அதேபோல ஸ்டேஷன் ஜெனரேட்டரில் நாலு சார்ஜருக்கும் சேர்த்துத் தெம்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைத்த துறையும் தப்பிக்கும். வயர்லெஸ்ஸுக்கும் விளக்குக்கும் மட்டும் கணக்குப் போட்டு வாங்கிய பழைய ஜெனரேட்டர் ஒரே நேரத்தில் நாலு காருக்கு மின்சாரம் தராது. வண்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஜெனரேட்டரைக் காட்ட வேண்டும்.