இழவு வீட்டில் ஓதப்படும் போலிச் சித்தாந்தம்

ஒருவர் இறந்துபட்ட மனையிலே துக்கம் விசாரிக்கப் புகுவார் சிலர், ஆண்டுக் கண்ணீர் வடித்து நிற்பாரை நோக்கி, "எல்லாம் வினைப்பயன், ஆன்மா அழிவதன்று, அழுவது அறியாமை" என்று கூறி, அவ்வளவிலே தங்கடமை முடிந்ததென மீள்கின்றனர். தந்தையை இழந்த சிறுமகன் "அப்பா எங்கே?" என்று வினவின், "ஊருக்குப் போயிருக்கின்றார்" எனப் பொய்யுரைக்கின்றனர். கணவனை இழந்தாளைக் காணின், "இவள் வந்த வேளை அவனை விழுங்கிற்று" என்று முணுமுணுக்கின்றனர். இம்மூன்றும் சமயத்தின் பெயராலேயே நிகழ்கின்றன. இவை சைவமாமா என்பது ஆராயற்பாலது.

முதலாவது, அழுதல் அறியாமை என்பது. உயிர் நித்தியம் என்பதும், உடம்பிற்குரிய வினை நுகர்ந்து முடிந்தவழி அது வீழும் என்பதும் சித்தாந்த உண்மைகளே. ஆயின், அவ்வுண்மைகள் பிறர் வாயை அடைத்தற்கு அருளப்பட்டன அல்ல. திருமருகலில், உடன்வந்த வணிகன் அரவு தீண்டி இறப்ப, திக்கற்ற நங்கையொருத்தி கதறினாள். அவ்வொலி கேட்ட திருஞானசம்பந்தப் பிள்ளையார், "வினைப்பயன்" என்று சொல்லி அப்பாற் சென்றாரல்லர். அவள்பாற் சென்று, அஞ்சற்க என்றருளி, நிகழ்ந்தது யாதென வினவி, அவள் வரலாறு முழுவதும் கேட்டருளினார். திருப்புக்கொளியூர் அவிநாசியில் ஒரு மனையில் மங்கல ஒலியும் எதிர்மனையில் அழுகை ஒலியும் எழக் கேட்ட சுந்தரமூர்த்தி நாயனாரும், காரணம் வினவாது சென்றாரல்லர். முதலைவாய்ப்பட்ட மைந்தனைப் பெற்றோர் தந்துயரை மறைத்து முகமலர்ந்து வந்து வணங்கியபோதும், மகனை இழந்தவர் நீவிரோ என அவரே வினவியருளினார்.

"அவர்கள் இறந்தாரை எழுப்ப வல்லவர், நம்மனோர்க்கு அஃது இயலுமோ?" எனின், இறந்தாரை எழுப்புதல் இயலாது, இருந்து கேட்டல் இயலும். கேட்டற்கு அற்புதம் வேண்டா. ஒரு நாழிகைப் பொழுதும் ஈரமுள்ள நெஞ்சுமே வேண்டும். பெரியோர் செய்த இரண்டனுள் அரியதனைக் காட்டி எளியதனையும் கைவிடுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

இரண்டாவது, சிறாரிடம் பொய்யுரைத்தல். ஐந்தாண்டு நிரம்பாத குழவிக்கு, இறந்தார் மீளார் என்பது எளிதில் விளங்குவதன்று. அதனாலேயே கேட்டதனை அது மீண்டும் மீண்டும் கேட்கும். "தூங்குகின்றார்" எனின், தான் தூங்கவும் அஞ்சும். "ஊருக்குப் போனார்" எனின், தன்னிடஞ் சொல்லாது போனாரேயென்று ஏங்கும். தான் செய்த குறும்பினாற் போனாரோ என்று தன்னையே நோவும். உண்மை ஒருநாள் பிறர் வாயால் வெளிப்படும். அப்பொழுது தந்தையோடு, உடனுள்ளார்மேல் வைத்த நம்பிக்கையையும் அப்பிள்ளை இழக்கும். "அப்பா இறந்துவிட்டார், இனி அவ்வுடம்பிற்குப் பசியும் இல்லை, நோவும் இல்லை, உன்னை நாங்கள் காப்போம்" என்று மெய்யை மென்மையாகச் சொல்லுதலே முறை. சற்று முன் அழுத பிள்ளை உடனே விளையாடப் போதல் கண்டு, அதற்குத் துயரில்லை என்றெண்ணுதலும் பிழை. சிறார் துயரைச் சிறிது சிறிதாகவே சுமப்பர்.

மூன்றாவது, பழி தூற்றல். இது கொடுமை மட்டுமன்று, சித்தாந்த விரோதமுமாம். ஒருவர் செய்த வினை செய்தவரையே சாரும் என்பதும், அதனை அறிந்து கூட்டுவோன் இறைவன் என்பதும் சைவர் துணிபு. அங்ஙனமாக, மனைவியின் வினை கணவனைக் கொன்றது, மகன் பிறந்த நாள் தந்தையைக் கொன்றது என்பார் எந்நூல் கற்றார்?

திருவாமூர் வரலாற்றை அவர் நினைப்பாராக. புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். திலகவதியாரும் மருணீக்கியாரும் சுற்றத்தாரோடு அழுது, செய்கடன் செய்தனர். சிறுவரென்று அவரிடம் எதுவும் மறைக்கப்பட்டதில்லை. பின்னர்க் கலிப்பகையார் போரில் இறந்த செய்தி வரவே, அவர்க்கென உறுதிசெய்யப்பெற்றிருந்த திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது அவரைத் தடுத்தது தத்துவ உபதேசமன்று. தந்தையும் தாயும் சென்றபின் நும்மை வணங்கப் பெறுதலினாலன்றோ உயிர் தாங்கினேன், நீர் நீங்கின் யான் முன்னே இறப்பேன் என்று அடிவீழ்ந்து புலம்பிய தம்பியின் சொல்லே. தம்பியின் துயரைக் கேட்ட தமக்கையார் அவர் பொருட்டு உயிர் தாங்கினார். அவரைத் தீநிமித்தமென விலக்குவார் சைவருள் எவரேனும் உளரோ? அவர்க்கன்றோ வீரட்டானத்து இறைவன் கனவிற் றோன்றித் தம்பியை ஆட்கொள்வதாக அருளினான்! அவ்விரு சிறாரும் ஒருவரையொருவர் தாங்கியிராவிடின், சைவ உலகிற்குத் திருநாவுக்கரசர் ஏது?

இக்காலத்துப் பிற நாட்டார் இவ்வறத்தினை முறைப்படுத்தியுள்ளனர். இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு கைம்பெண்கட்குத் துணையாகத் தோன்றிய குரூஸ் என்னும் சங்கம், பின்னர் இழப்புற்றார் யாவர்க்கும் உதவுவதாயிற்று. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1982-இல் தோன்றிய டகி நிலையத்திலே, ஒத்த இழப்புடைய சிறார் ஒருங்கு கூடி விளையாடியும் பேசியும் துயராறுகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பகுப்பும், ஆறு திங்கட்கு மேலும் நீடித்து வாழ்வை முடக்கும் கடுந்துயரையே நோயெனக் கொள்கின்றது. ஏனைய துயர் நோயன்று, அன்பின் மறுபக்கமே. நீடித்து முடக்குவதற்கோ மருத்துவரை நாடுதல் தக்கது.

சைவ நன்மக்காள்! பதினாறாம் நாள் இலை எடுத்தபின் அவ்வீட்டு வாயிலை மிதிப்பார் எத்துணையர்? இழந்தார்க்குத் தனிமை தொடங்குவது அன்றே. ஒரு திங்கள் கழித்துச் செல்லுமின். இறந்தவர் பெயரைச் சொல்ல அஞ்சாது அவரைப்பற்றிக் கேண்மின். பிள்ளையைப் பள்ளிக்கும் கோயிலுக்கும் உடனழைத்துச் செல்லுமின். கைம்பெண்ணை மங்கல வினைகளில் முன்வரிசையில் இருத்துமின். இவை செய்தபின் வினையின் இயல்பும் உயிரின் நித்தியமும் பேசுமின். அப்பொழுது அவை கேட்பார் நெஞ்சில் மருந்தாய் இறங்கும். அன்பின்றி ஓதப்படுவது சித்தாந்தமன்று. வெந்த புண்ணில் நுழையும் வேலே.