குடவோலையும் ஆட்டக் கோட்பாடும்: ஒரு மறுப்பு

தமிழ் மேடைகளில் சாகாவரம் பெற்ற வாக்கியம் ஒன்று உண்டு: மேலைநாட்டார் இன்று கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர். 'கண்டதை' என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் இட்டு நிரப்பிக்கொள்ளலாம். அணு, விமானம், நுண்ணுயிர் எல்லாம் அந்த இருக்கையில் அமர்ந்து எழுந்து போய்விட்டன. இப்போது அங்கே வந்து உட்கார்ந்திருப்பது 'கேம் தியரி' எனப்படும் ஆட்டக் கோட்பாடு. கணிதமும் பொருளியலும் கூடிப் பெற்ற இந்தத் துறையின் மூலம் உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிறது என்று கருத்தரங்குகளில் பேசக் கேட்கிறேன். திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்திலேயே இருக்கிறது என்போரும் உளர்.

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அதற்குப் பிறகு இத்தகைய பேச்சுக்கு வேகம் கூடியிருக்கிறது. நான் இருக்கும் ஓரிக்கையிலிருந்து உத்திரமேரூர் வெகுதூரமில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை யாரும் போய்ப் பார்க்கலாம். கல்வெட்டின் வாசகமும் வெங்கையா வெளியிட்ட காலந்தொட்டு, நூறாண்டுக்கும் மேலாக, அச்சில் கிடைக்கிறது. படிக்காமல் பேசுவதற்கு நமக்கு ஒரு சாக்கும் இல்லை. 'மூலம் இங்கே' என்ற கூற்று பிழையானது என்பது என் வாதம். அதைவிடப் பெரிய கேடு, அந்தக் கூற்று நம்மைக் கல்வெட்டையே படிக்கவிடாமல் செய்கிறது என்பது.

*

முதலில் ஆட்டக் கோட்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1838-ல் பிரெஞ்சுக்காரரான கூர்னோ ஒரு கணக்கு போட்டார். இரண்டு பேர் ஊற்றுநீர் விற்கிறார்கள். ஒருவர் எவ்வளவு விற்பது என்று முடிவெடுக்க, மற்றவர் எவ்வளவு விற்பார் என்பது தெரிய வேண்டும். மற்றவருக்கும் அதே சிக்கல். இருவருமே இனி மாற்றிக்கொள்ள விரும்பாத ஒரு புள்ளி உண்டு என்று அவர் காட்டினார். 1913-ல் செர்மெலோ சதுரங்கத்தை எடுத்துக்கொண்டார். வெள்ளைக்கு வெற்றி உறுதி, அல்லது கறுப்புக்கு வெற்றி உறுதி, அல்லது இருவருமே தோல்வியைத் தவிர்க்க முடியும். இம்மூன்றில் ஒன்று நிச்சயம் என்று நிறுவினார். எது என்று சொல்ல அவரால் முடியவில்லை. 1921 முதல் போரெல், எதிராளியை ஏமாற்ற வேண்டிய ஆட்டங்களைப் பற்றி எழுதினார். 1928-ல் வான் நியூமன் இருவர் ஆடும் ஆட்டங்களுக்கு, ஒருவர் வெல்வது மற்றவர் இழப்பதற்குச் சமமாக இருக்கும் வகைக்கு, பொதுவான ஒரு தேற்றத்தைத் தந்தார்.

அதே 1928-ல் வியன்னாவில் மார்கென்ஸ்டெர்ன் என்ற பொருளியலாளர் தம் நூலில் ஒரு துப்பறியும் கதையைக் கையாண்டார் என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் லண்டனிலிருந்து டோவர் துறைமுகத்துக்கு ரயிலேறுகிறார். எதிரி மோரியார்ட்டி துரத்துகிறார். ஹோம்ஸ் நடுவழியில் கான்டர்பரியில் இறங்கிவிடலாம். ஆனால் அவர் அப்படி நினைப்பார் என்று எதிரியும் நினைக்கலாம். எதிரி அப்படி நினைப்பதை ஹோம்ஸும் ஊகிக்கலாம். இந்தச் சுழலுக்கு முடிவில்லை. சிந்தித்துக்கொண்டே போவதால் இதிலிருந்து வெளிவர இயலாது. வான் நியூமனின் விடை வியப்பானது: முடிவைக் குறிப்பிட்ட விகிதத்தில் தற்செயலிடம் ஒப்படைத்துவிடு. உன் முடிவு உனக்கே தெரியாதபோது எதிராளியால் அதை எப்படி ஊகிக்க முடியும்? இருவரும் சேர்ந்து 1944-ல் வெளியிட்ட பெருநூலில், தாங்கள் வைத்துக்கொண்ட மதிப்புகளின்படி, ஹோம்ஸ் நூற்றுக்கு அறுபது பங்கு வாய்ப்பில் நடுவழியில் இறங்க வேண்டும், மோரியார்ட்டி அதே அறுபது பங்கு வாய்ப்பில் டோவர் போக வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். 1950-ல் நாஷ் இதைப் பலர் ஆடும் ஆட்டங்களுக்கு விரித்தார்.

இங்கே 'கோட்பாடு' என்று சொல்லப்படுவது எது? ஊற்றுநீருக்கும் சதுரங்கத்துக்கும் ரயிலுக்கும் பொதுவான ஒரு கேள்வியை அவற்றிலிருந்து பிரித்தெடுத்து, அதற்கு நிறுவலோடு விடை சொல்வது. வள்ளுவர் தன் வலியையும் மாற்றான் வலியையும் துணைவலியையும் எடைபோடச் சொல்கிறார். அது ஆழ்ந்த அறிவுரை. ஆனால் மாற்றானும் நம்மை எடைபோட்டுக்கொண்டிருக்கிறான், அந்த இரண்டு எடைகளும் எங்கே போய் நிலைகொள்ளும் என்ற கேள்வி வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்குமே இழப்பு.

*

இனி கல்வெட்டுக்கு வருவோம். முதற்பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919-ல், உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபை வாரியத் தேர்வுக்கு விதி செய்தது. இரண்டே ஆண்டில், 921-ல், அதே விதிகள் விரிவாகவும் கண்டிப்பாகவும் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். கூடுதல் கல்வியுடையவருக்கு அரைக்கால் வேலியே போதும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கு இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமன்றி, அவருடைய தகப்பன், மகன், மாமனார், மைத்துனர், மருமகன், அத்தை மாமன் மக்கள் வரை நீளும் உறவினர்க்கும் இடமில்லை.

ஓலையெடுக்கும் முறையைப் பாருங்கள். சிறியவரும் பெரியவருமாகச் சபை முழுதும் கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் கொட்டிக் குலைக்கப்படும். அதிலிருந்து அவன் எடுத்துத் தரும் ஓர் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் படித்த பெயரை நம்பிமாரும் படிக்க வேண்டும். இப்படி வரும் முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். காலம் 360 நாள்.

விரித்த விரல்களைக் கேட்கும் விதி, மூடிய விரல்களைக் கண்ட அனுபவத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அகநானூற்றின் 77-ஆம் பாடலில் மருதன் இளநாகனார், எருவை பிணத்தின் குடலை இழுப்பதற்கு, கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியை நீக்கி ஓலை எடுப்பவரை உவமை சொல்கிறார். அது தேர்தல்தானா என்பது விவாதத்துக்குரியது. குடத்துக்கு முத்திரை தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. முத்திரை வைக்கும் சமூகம் கைவைப்பவரை அறிந்த சமூகம்.

மேடைப் பேச்சு இந்தக் கல்வெட்டை முன்னோரின் நேர்மைக்குச் சான்றாகக் காட்டுகிறது. கல்வெட்டோ வரிக்கு வரி முன்னோரைச் சந்தேகிக்கிறது. அதன் பெருமை அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது.

*

அப்படியானால் இது ஆட்டக் கோட்பாடுதானே என்று கேட்கலாம். தொடங்கும் இடம் ஒன்றுதான்: மனிதர் விதியை அறிவார்கள், அறிந்து வளைப்பார்கள், அதை எதிர்பார்த்து விதி செய். ஆனால் ஹோம்ஸின் தற்செயல், ஆடுபவன் தன் உள்ளத்தை எதிரியிடமிருந்து மறைக்கும் கருவி. உத்திரமேரூரின் தற்செயல், எந்தக் கூட்டணியாலும் பதவியைப் பிடித்துவைக்க முடியாதபடி சபை வைத்த தடை. முன்னது ஆட்டக்காரனுடையது, பின்னது ஆட்டத்தை அமைப்பவனுடையது. விதிகளை அமைக்கும் அந்தக் கலையைக் கணிதமாக்கியதற்காகத்தான் ஹர்விச், மாஸ்கின், மயர்சன் மூவருக்கும் 2007-ல் பொருளியல் நோபல் கிடைத்தது. ஒப்பிடுவதாயின் அங்கே போய் ஒப்பிட வேண்டும்.

வெனிஸ் நகரக் குடியரசு 1268 முதல் 1797-ல் வீழும் வரை தன் தலைவரைத் திருவுளச்சீட்டும் வாக்கும் மாறிமாறி வரும் முறையில் தேர்ந்தது. முதற்கட்டத்தில் சீட்டால் வந்தவர்கள் முப்பது பேர். அங்கும் குலுக்கி எடுத்தது ஒரு சிறுவன்தான். வெனிஸ் நம்மிடமிருந்து கற்றதா? அப்படிச் சொல்ல ஓர் ஆதாரமும் இல்லை. சிக்கல் ஒன்றாயிருந்தால் தீர்வும் ஒத்திருக்கும். ஒப்புமையை முன்னுரிமை என்று பிழையாகப் படிப்பவர் அந்தச் சிக்கலைத் தவறவிடுகிறார்.

மூலம் தேடுவதுதான் நோக்கமென்றால் எங்கள் ஓரிக்கைக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருக்கும். பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்தினான். அவன் பின்னே திருமழிசையாழ்வார் போனார். அவர் சொல்லக் கேட்டுத் திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். காஞ்சி இருண்டது, மன்னன் பணிந்தான். அவர்கள் தங்கிய ஓரிரவு இருக்கையே ஓரிக்கை ஆயிற்று என்பது தலபுராணம். நம்பத்தக்க மிரட்டல் எப்படி வேலை செய்கிறது என்று 1960-ல் ஷெல்லிங் எழுதிய நூலை வைத்து இக்கதையை அழகாக விளக்கலாம். அதனால் ஷெல்லிங்குக்கு முன்னோடி கணிகண்ணன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உத்திரமேரூரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஏன் கைதட்டுகிறீர்கள்?

*

எதிர்த்தரப்பு ஒன்றும் இருக்கிறது. இது பிரமதேயம், நிலமுள்ள வேதம் வல்ல ஆண்களின் சபை, பெண்களும் உழைத்தவர்களும் குடத்துக்குள் வரவே இல்லை, இதில் படிக்க என்ன இருக்கிறது என்பார்கள். முற்பாதி முழு உண்மை. ஜனநாயகம் என்று இதை அழைப்பவர்கள் அதை மறைப்பது பெரும் பிழை. ஆனால் பிற்பாதி சோம்பல். யாரை வெளியே நிறுத்துவது என்பதும் விதிதான். அதையும் கணக்கில் சேர்த்தே படிக்க வேண்டும்.

எப்படிப் படிப்பது என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. யூதர்களின் தால்முதில் ஒரு பழைய தீர்ப்பு. இறந்தவன் மூன்று மனைவியருக்கு முறையே 100, 200, 300 தர வேண்டும். சொத்து 100 என்றால் மூவருக்கும் சமம். 200 என்றால் 50, 75, 75. 300 என்றால் 50, 100, 150. இதில் என்ன ஒழுங்கு என்று அறிஞர்கள் நூற்றாண்டுகளாகக் குழம்பினர். 1985-ல் ராபர்ட் ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் மூன்று பங்கீடுகளுக்கும் அடியில் ஒரே விதி இருப்பதையும், அது ஆட்டக் கோட்பாட்டின் ஒரு தீர்வோடு பொருந்துவதையும் நிறுவினர். கணிதத்தை எடுத்துப்போய்ப் பழைய வரியைத் திறந்தார்கள். மூலநூல் அதனால் கூடுதல் தெளிவு பெற்றது.

நம்மிடம் ஆளில்லையா? பார்த்தசாரதியும் டி.இ.எஸ். ராகவனும் இருவர் ஆட்டங்களைப் பற்றி எழுதிய நூல் 1971-லேயே வெளிவந்து உலகத் துறையினர் கையில் இருந்தது. நம் இலக்கியப் பத்திரிகைகளில் இவர்கள் பெயரை எத்தனை முறை கண்டிருக்கிறோம்? முன்னோர் அன்றே அறிந்தனர் என்று பூரிப்பவர்களுக்கு உடன்வாழும் காலத்தவர் அறிந்தது தெரிவதில்லை.

கல்வெட்டு நம்மிடம் கேட்கும் வேலை இப்படியானது. குடும்புக்கு ஆண்டுக்கு ஒருவர், அவருக்கு அடுத்த மூன்றாண்டு தடை என்றால், ஒரு குடும்பில் குறைந்தது நால்வராவது தகுதியோடு இருக்க வேண்டும். ஊருக்கு 120 பேர். கணக்குக் காட்டாத ஒருவனால் ஓர் உறவுக்கூட்டமே விலக்கப்பட்டால் இந்த எண்ணிக்கை நிற்குமா? அரைக்கால் வேலிச் சலுகை கல்விக்கான மரியாதையா, ஆள் பற்றாக்குறைக்கான மருந்தா? மைத்துனனின் வாய்ப்பைப் பறிப்பதன் மூலம் அந்த மைத்துனனையே கணக்காயனாக்கும் தந்திரம் பலித்ததா? மீண்டும் வர முடியாதவன் நன்றாக உழைப்பானா, கிடைத்தவரை சுருட்டுவானா? 919-ன் விதி 921-ல் மாற வேண்டிவந்தது எதனால்? கல்வெட்டறிஞரும் கணிதம் படித்தவரும் தமிழாசிரியரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் எழுதக்கூடிய ஆய்வு இது.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று. 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழகத்தில் ஊராட்சித் தலைவர் பதவிகள் ஏலம் விடப்பட்டதாகச் செய்திகள் வந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஏலமும் ஓர் ஆட்டம்தான். அதையும் சிலர் அமைக்கிறார்கள், அதிலும் சிலர் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். எடுத்த பணத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்பதே அங்கே முதற்கணக்கு. இந்த ஆட்டத்துக்கு எந்த விதி அணைபோடும் என்று சிந்திக்கப் பழகாத சமூகம், ஆயிரத்து நூறாண்டுக்கு முன் அப்படிச் சிந்தித்தவர்களின் சுவருக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறது.

கருத்தரங்குத் தலைப்பில் 'மூலம்', 'முன்னோடி' என்ற சொற்களைப் பத்தாண்டுக்கு ஒதுக்கிவைப்போம். அந்தப் பத்தாண்டில் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மாணவர்களோடு ஒருமுறை படிப்போம். மறுப்புள்ளவர்கள் எழுதுங்கள், வாசகத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.