வலிக்காத புண்ணா? அலட்சியம் வேண்டாம்!

"மாமியாருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. உள்ளங்காலில் ஒரு புண். 'வலியே இல்லைடி, தானே ஆறிடும்' என்கிறார். விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

விடவே கூடாது, சகோதரி! வலிக்காததுதான் இதில் ஆபத்தே.

சர்க்கரை பல வருஷங்கள் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் கால் நரம்புகள் மரத்துப் போகும். முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாது. நமக்குப் புண் வந்தால் நொண்டி நடப்போம். புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். அவர்களோ அதன் மேலேயே மிதித்து நடப்பார்கள். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சீழ் எலும்பு வரை இறங்கி, விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும்.

1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மரத்த காலில் புண் ஆறாததற்குக் காரணம் ஓயாத அழுத்தமே என்று கண்டார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைக் குறைத்ததும் புண்கள் ஆறின. அதே முறை பிறகு சர்க்கரைப் புண்ணுக்கும் வந்தது.

ஆகவே, இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். காய்ப்பையும் செத்த தோலையும் அவர் நீக்குவார். ரத்த ஓட்டம் பார்ப்பார். சீழ் பிடித்திருந்தால் மருந்து தருவார். அழுத்தம் படாமல் கட்டோ தனிச் செருப்போ சொல்வார். சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும். சிவப்பு, வீக்கம், நாற்றம், கறுப்பு நிறம், காய்ச்சல் இவற்றில் ஒன்று கண்டாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

மஞ்சள், சுண்ணாம்பு, காபிப்பொடி எதையும் அப்பாதீர்கள். சுடுநீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைப்பதும் வேண்டாம்; சூடு தெரியாமல் வெந்துவிடும். கால் ஆணியை பிளேடால் சீவக் கூடாது; ஆணிப் பிளாஸ்திரியும் ஆகாது.

புண் வராமல் இருக்க:

* தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவருக்குக் கீழே ஒரு கண்ணாடி வைக்கலாம். இல்லையேல் மருமகள் பார்க்கட்டும்.
* கழுவியதும் விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் பாதத்துக்கு மட்டும், இடுக்கில் வேண்டாம்.
* நகத்தை நேராக வெட்டுங்கள்.
* வீட்டுக்குள்ளும் செருப்பு அவசியம். போடுமுன் உள்ளே கல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.
* உச்சி வெயிலில் கோவில் பிராகாரம் சுற்ற வேண்டாம். காலையில் போகச் சொல்லுங்கள்; சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்!